கடலடியில் ஒரு சிற்பக்கூடம்: செயற்கைப் பார்களைப் பற்றி

‘பவளப்பாறை’, ‘பவளத்திட்டு’ என்று பத்திரிகைகளில் நாம் படிப்பதைத் தூத்துக்குடிக் கடற்கரையில் ‘பார்’ என்று ஒரே அசையில் சொல்லி முடித்துவிடுவார்கள். முத்துக்குளித்த காலத்தில் சிப்பி விளைந்த கடலடித் திட்டுகளுக்கு முத்துப்பார் என்று பெயர். மணலும் சேறுமாகப் பரந்து கிடக்கும் கடற்படுகையில் கெட்டியான மேடு ஒன்று இருந்துவிட்டால் போதும். அதைப் பற்றிக்கொண்டு ஒட்டுயிர்கள் வளரும், அவற்றைத் தின்னச் சிறுமீன் வரும், சிறுமீனைத் தின்னப் பெருமீன் வரும், பெருமீனைத் தேடி மனிதன் வருவான். அந்த மேடுதான் பார். இயற்கை அப்படி ஒரு மேட்டை வைக்காத இடத்தில் மனிதன் கொண்டுபோய் வைப்பது செயற்கைப் பார்.

கல், கான்கிரீட், பழைய கப்பல், ரயில் பெட்டி, பஸ், டயர் என்று இதற்காகக் கடலில் இறக்கப்படாத பொருள் அநேகமாக இல்லை. இந்த நூற்றாண்டில் அந்தப் பட்டியலில் சிற்பங்களும் சேர்ந்திருக்கின்றன. ஆக்சிஜன் உருளையை முதுகில் கட்டிக்கொண்டு முக்குளிப்பவர்கள் நீந்திப்போய்ப் பார்க்கும் சிற்பக்கூடங்கள் மெக்ஸிகோவிலும் ஸ்பெயினிலும் ஆஸ்திரேலியாவிலும் இலங்கையிலும் உள்ளன. (‘ஆக்சிஜன் உருளை’ என்பது பேச்சு வழக்கு. பெரும்பாலும் அதில் இருப்பது அழுத்திய வெறும் காற்றுதான்.)

கடலில் சிலையை இறக்குவது நமக்கு ஒன்றும் புதிதல்ல என்று வாசகர்கள் சொல்லக்கூடும். ஆண்டுதோறும் பிள்ளையாரைக் கொண்டுபோய்க் கரைக்கிறோம். வேறுபாடு அந்த வினைச்சொல்லில் இருக்கிறது. நம்முடைய சிலை கரைய வேண்டும். களிமண்ணில் செய்தவரை கரைந்தது, பாரிஸ் சாந்துக்கு மாறிய பிறகு கரைய மறுத்துத் தொல்லையாயிற்று. இங்கே சொல்லப்போகும் சிலைகள் கரையக் கூடாது. கரைந்தால் அவை தோற்றுப்போனவை.

ஆக்லாந்துக் கடலின் அடி

ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டனில் வசிக்கும் தமிழர்களுக்கு இந்தப் பெயரே ஒரு பழைய கணக்கை நினைவூட்டும். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை வீழ்த்திய படையில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லிதான் பிற்பாடு வெலிங்டன் பிரபு ஆனார். நீலகிரியில் குன்னூரை அடுத்த வெலிங்டனுக்கும் அவர் பெயர்தான். மவோரி மக்களுக்கோ இந்த எரிமலைக் குன்று மவுங்காரே. அவர்கள் அரண் அமைத்து வாழ்ந்த அதன் படிக்கட்டு மேடைகளில் தோண்டினால் சிப்பி ஓடுகள் குவியல் குவியலாகக் கிடைக்கின்றன. கீழே ஓடும் டாமாக்கி கழிமுகம் தந்த உணவின் மிச்சம் அது.

அந்தக் கழிமுகம் சென்று சேரும் ஹவுராக்கி வளைகுடாவின் அடியில் ஒரு காலத்தில் பச்சை உதட்டு மசல் சிப்பிகள் நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படர்ந்து தாமே பாராகிக் கிடந்தன. ஏறத்தாழ 1910 முதல் 1960கள் வரை வாரிக் கருவிகளைப் போட்டு இழுத்து அவ்வளவையும் அள்ளி எடுத்தார்கள். அள்ளுவதை நிறுத்தி அரை நூற்றாண்டு கடந்தும் அவை தாமாகத் திரும்பவில்லை. சிப்பிக் குஞ்சு ஒட்டிக்கொள்ளக் கெட்டியான பிடிமானம் வேண்டும். அந்தப் பிடிமானம் தாய்ச்சிப்பிகளோடு சேர்ந்து போய்விட்டது, எஞ்சியது சேறு. 2012இல் தொடங்கிய ஒரு மீட்பு இயக்கம் உயிருள்ள மசல்களைப் படகில் ஏற்றிச் சென்று வளைகுடாவில் கொட்டி வருகிறது. செயற்கைப் பார் எதற்கு, கடல் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் பதிலாகக் காட்ட வேண்டும். எப்போதும் பார்த்துக்கொள்ளாது.

ரெயின்போ வாரியர்

நியூசிலாந்தில் முக்குளிப்போருக்காக மூழ்கடிக்கப்பட்ட கப்பல்கள் பல. அவற்றுள் நினைவுச்சின்னமாகவே கடலுக்குள் வைக்கப்பட்டது ஒன்று. அதைச் சிற்பம் என்று சொல்லலாமா என்றால், உளி படாத சிற்பம் என்பேன்.

1955இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் பிரிட்டிஷ் அரசின் மீன்வள ஆராய்ச்சிக்காகக் கட்டப்பட்ட இழுவைக் கப்பல் அது. அப்போது அதன் பெயர் சர் வில்லியம் ஹார்டி. கிரீன்பீஸ் இயக்கம் அதை வாங்கி, ரெயின்போ வாரியர் என்று பெயரிட்டு 1978இல் கடலில் இறக்கியது. 1985 மே மாதம், அமெரிக்க அணுகுண்டுச் சோதனையின் கதிரியக்கத் தூசு படிந்த ரொங்கலாப் தீவிலிருந்து முந்நூறு பேரளவு மக்களை அவர்களுடைய வீட்டுச் சாமான்களோடு ஏற்றி வேறு தீவில் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்தக் கப்பல்தான். அடுத்து மொரோரோவாவில் பிரான்ஸ் நடத்தவிருந்த அணுகுண்டுச் சோதனையை எதிர்க்கக் கிளம்பும் நோக்கத்தோடு ஆக்லாந்துக்கு வந்தது.

1985 ஜூலை 10, நள்ளிரவுக்குச் சற்று முன். மவுண்ட் வெல்லிங்டனிலிருந்து ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தொலைவில், மார்ஸ்டன் துறைமேடையில் கட்டப்பட்டிருந்த கப்பலின் அடியில் இரண்டு குண்டுகள் அடுத்தடுத்து வெடித்தன. போர்ச்சுகலில் பிறந்த டச்சுப் புகைப்படக்காரர் பெர்னாண்டோ பெரெய்ரா உள்ளே மூழ்கி இறந்தார். சுவிட்சர்லாந்துத் தேனிலவுத் தம்பதி என்று சொல்லிக்கொண்டு திரிந்த இருவரைப் போலீஸ் பிடித்தது. இருவரும் பிரெஞ்சு உளவுத்துறையினர். செப்டம்பரில் பிரான்ஸின் பாதுகாப்பு அமைச்சர் ஷார்ல் எர்னு பதவி விலகினார், பிரதமர் லொரான் ஃபாபியூஸ் தம் உளவுத்துறையின் கைவரிசைதான் என்று ஒப்புக்கொண்டார். பிடிபட்டவர்களுக்குப் பத்து ஆண்டு தண்டனை. ஆனால் 1986இல் ஹாவோ பவளத்தீவுக்கு மாற்றப்பட்டு, இரண்டு ஆண்டுகள்கூட முடியும் முன் இருவரும் பிரான்ஸ் திரும்பிவிட்டார்கள். நீதியைப் பற்றி நியூசிலாந்துக்காரர்கள் இன்றும் கசப்போடு பேசும் வழக்குகளில் இது ஒன்று.

கப்பலைத் தூக்கி மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். பழுது பார்க்க முடியாத அளவுக்கு உருக்குலைந்திருந்தது. உடைத்துப் பழைய இரும்பாக விற்றிருக்கலாம். அதைச் செய்யாமல், வடக்கே மத்தாவுரி விரிகுடாவுக்கு இழுத்துச் சென்று, கவல்லி தீவுகளுக்கு அருகே 1987 டிசம்பர் 12 அன்று, உள்ளூர் மவோரிக் குலமான ங்காட்டி குராவினர் முன்னின்று செய்த சடங்கோடு மூழ்கடித்தார்கள். அந்தக் குலத்தார் அதற்குக் காவலர் பொறுப்பையும் ஏற்றார்கள். ‘காய்தியாக்கி’ என்பது மவோரிச் சொல். அதை ‘உரிமையாளர்’ என்று மொழிபெயர்த்தால் தவறு. நம் ஊரில் ஏரிக்கு மடை காக்கிற நீர்க்கட்டி இருப்பாரே, அந்தப் பொறுப்புக்கு இது கொஞ்சம் நெருக்கம்.

சுமார் 26 மீட்டர் ஆழத்தில், மணல் தரையில் கப்பல் அமர்ந்திருக்கிறது. அதன் இரும்பு இன்று எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, ஊதா நிறங்களில் விரல்நுனி அளவேயான கடல் சாமந்திகள் உடலெங்கும் போர்த்தியிருக்கின்றன. இவை பூவல்ல, விலங்கு. ஒன்று இரண்டாகப் பிளந்து, இரண்டு நான்காகப் பெருகுவதால் ஒரே நிறம் திட்டுத்திட்டாகப் பரவும். கப்பலுக்குப் பொருத்தமாக வானவில்லை அவையே எழுதிவிட்டன என்று எழுதாத பயணக் கட்டுரையாளர் குறைவு. நானும் எழுதிவிட்டேன். சாளர ஓட்டைகள் வழியே சிறுமீன் கூட்டங்கள் உள்ளே போய் வெளியே வருகின்றன. இடுக்குகளில் விலாங்குகள் குடியிருக்கின்றன. ஆராய்ச்சி இழுவைக் கப்பலாகப் பிறந்து மீனைப் பிடித்த ஒன்று மீனுக்கு வீடாக முடிந்திருக்கிறது.

எல்லாக் கப்பலுக்கும் இந்த நற்பேறு வாய்ப்பதில்லை. 2005 நவம்பரில் தலைநகர் வெலிங்டனின் தென்கரையில் மூழ்கடிக்கப்பட்ட அதே பெயர்கொண்ட போர்க்கப்பல், சில மாதங்களுக்குள் தெற்குப் புயலில் துண்டாகிச் சிதறியது. 2007இல் பே ஆஃப் ஐலண்ட்ஸின் ஒதுக்கமான குடாவில் இறக்கப்பட்ட கான்டர்பரி போர்க்கப்பல் நிலைத்து நின்றது. இரண்டும் கடற்படைக் கப்பல்கள்தான். வேறுபட்டது இடம்.

கடல் எப்படிக் குடியேறுகிறது

புதிய பொருள் ஒன்று கடலுக்குள் போனதும் முதலில் அதன்மேல் படிவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்ப் படலம். தொட்டால் வழுவழுக்கும். அந்தப் படலத்தின் மணத்தை அறிந்துதான் நீரில் மிதந்து திரியும் குஞ்சுயிர்கள் இறங்க இடம் தேர்கின்றன. பிறகு பாசி, படகின் அடியில் ஒட்டுமே அந்தக் கொட்டலசு, குழல்புழு. அதன் பிறகு கடற்பஞ்சு. வெப்பக் கடலானால் பவளம். இதற்கெல்லாம் ஆண்டுகள் ஆகும். மீன்கள் மட்டும் நாள் கணக்கில் வந்துவிடும், ஏனென்றால் அவற்றுக்கு முதலில் வேண்டியது நிழலும் ஒளியிடமும்தான்.

இங்கேதான் இத்துறையின் தீராத வழக்கு இருக்கிறது. செயற்கைப் பார் மீனைப் பெருக்குகிறதா, அல்லது அக்கம்பக்கத்து மீனை ஓரிடத்தில் கூட்டுகிறதா? கூட்டுவது மட்டும்தான் என்றால் அதைச் சுற்றி வலை போடுபவர் சில ஆண்டு அள்ளுவார், பிறகு கடல் முன்னைவிட வறண்டுபோகும். இரண்டும் நடக்கிறது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் நிலை. எது மேலோங்கும் என்பது இடத்தையும் மீனினத்தையும், எல்லாவற்றுக்கும் மேலாக அங்கே மீன்பிடிக்கக் கட்டுப்பாடு இருக்கிறதா என்பதையும் பொறுத்தது. கான்டர்பரி கிடக்கும் குடாவில் 2010 முதல் உள்ளூர் மவோரிகள் ராஹுயி என்னும் மீன்பிடித் தடையை வைத்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

பொருளும் முக்கியம். சாதாரண சிமெண்டின் காரத்தன்மை தொடக்கத்தில் பல உயிர்களை அண்டவிடாது என்பதால் சிற்பிகள் காரம் குறைந்த கடல்சிமெண்டைப் பயன்படுத்துகிறார்கள். மேற்பரப்பு சொரசொரப்பாகவும் பொந்துகளோடும் இருக்க வேண்டும். எண்ணெய், வண்ணப்பூச்சு, கம்பிவடம் எல்லாம் நீக்கிய பிறகே கப்பலை இறக்க வேண்டும். இவற்றைக் கருதாமல் செய்ததற்குப் பாடப்புத்தக உதாரணம் ஃப்ளோரிடாவின் ஆஸ்போர்ன் பார். 1972இல் ஏறத்தாழ இருபது லட்சம் பழைய டயர்களைக் கட்டுக்கட்டாக இறக்கினார்கள். கட்டு அறுந்தது. டயர்கள் புயலில் உருண்டு, பக்கத்தில் உயிரோடு இருந்த இயற்கைப் பவளத்தையும் மோதிச் சிதைத்தன. இந்த நூற்றாண்டில் ராணுவ முக்குளிப்போரைக் கொண்டு அவற்றைப் பொறுக்கத் தொடங்கினார்கள்.

சட்டமும் இந்த இடத்தில் வழுக்குகிறது. கடலில் கழிவு கொட்டுவதைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் லண்டன் உடன்படிக்கை, வெறுமே கழித்துக்கட்டுவதற்காக அல்லாமல் வேறொரு நோக்கத்துக்காகப் பொருளை வைப்பதைக் ‘கொட்டுதல்’ என்று கருதுவதில்லை. ஆகவே ஒரே இரும்பு, நோக்கத்தைப் பொறுத்துக் குப்பையாகும் அல்லது பாராகும். நோக்கத்தை எழுதித்தருபவர் யார் என்பதுதான் கேள்வி.

சிற்பிகள் வருகிறார்கள்

கடலடிச் சிலைகளில் பழம்புகழ் பெற்றது இத்தாலியின் சான் ஃபுருட்டுவோசோவில் 1954இல் நிறுவப்பட்ட கிறிஸ்து. கூய்தோ கல்லேத்தி வார்த்த வெண்கலச் சிலை, கைகளை மேலே உயர்த்தி நிற்கும். 2003இல் வெளியே எடுத்துப் பழுது நீக்கி மறு ஆண்டு மீண்டும் இறக்கினார்கள். அதாவது அது சிலையாகவே இருக்க வேண்டும், பாராகிவிடக் கூடாது என்பது அவர்கள் விருப்பம்.

பாராகட்டும் என்றே செய்யத் தொடங்கியவர் ஆங்கிலச் சிற்பி ஜேசன் டிகெய்ர்ஸ் டெய்லர். 2006இல் கரீபியத் தீவான கிரெனடாவின் மொலினியர் விரிகுடாவில் தம் சிற்பங்களை இறக்கினார். 2004இல் ஐவன் புயல் அந்தத் தீவைப் புரட்டிப் போட்டிருந்தது. அங்கே கைகோத்து வட்டமாக நிற்கும் 26 குழந்தைகளைக் கண்டவர்கள், அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் எறியப்பட்ட ஆப்பிரிக்கர்களின் நினைவு என்று எடுத்துக்கொண்டார்கள். தாம் அதை எண்ணிச் செய்யவில்லை என்றார் சிற்பி. கலைப்படைப்பு சிற்பியின் கைவிட்டுப் போவது வழக்கம்தான். இங்கே அது இருமுறை போகிறது: முதலில் பார்ப்பவர் கைக்கு, பிறகு கடற்பஞ்சின் கைக்கு. மூக்கு மறைகிறது, கண் மூடுகிறது. சில ஆண்டுகளில் யார் முகம் என்றே தெரியாது.

மெக்ஸிகோவின் கான்கூனில் அவர் நானூற்றுக்கும் மேற்பட்ட மனித உருவங்களை நிறுத்தினார். நோக்கம் அலங்காரம் அன்று. சுற்றுலாப் பயணிகள் மிதித்தும் தொட்டும் அழித்துக்கொண்டிருந்த இயற்கைப் பாரிலிருந்து கூட்டத்தைத் திசைதிருப்புவது. நியூசிலாந்திலிருந்து போக எளிதானது ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் கடலில் ஜான் புரூவர் பாரில் 18 மீட்டர் ஆழத்தில் நிற்கும் அவரது ‘பவளக் கண்ணாடி வீடு’, 2020இல் திறக்கப்பட்டது. கடல் சூடேறிப் பவளம் வெளுப்பதை இந்தச் சிலைகளால் தடுக்க முடியாது என்று அறிவியலாளர் சிலர் முகம் சுளிக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் யாரும் பார்க்காத இடத்தில் அழிவதற்கும் பார்வையாளர் உள்ள இடத்தில் அழிவதற்கும் வேறுபாடு உண்டு என்பது என் எண்ணம்.

வலையை மறிக்கும் சிலைகள்

எனக்கு மிகவும் பிடித்தது இத்தாலியின் தலமோனே. சட்டத்துக்குப் புறம்பாக இரவில் கரையை ஒட்டி வந்து கடலடியைச் சுரண்டிய இழுவைப் படகுகளோடு போராடிய பாவ்லோ ஃபான்சியூலி என்ற மீனவர், கரராச் சுரங்க உரிமையாளரிடம் சில பளிங்குத் துண்டுகள் கேட்டார். நூறு கிடைத்தது. மைக்கேலேஞ்சலோ கையாண்ட அதே கரராப் பளிங்கு. எமிலி யங் முதலான சிற்பிகள் அவற்றில் முகங்களைச் செதுக்கினார்கள். 2015 முதல் அவை கடலடியில் கிடக்கின்றன. டன் கணக்கில் எடையுள்ள பளிங்கு முகத்தில் இழுவைமடி சிக்கினால் கிழிந்து போகும். கலை இதைவிட நேரடியாக ஒரு வேலையைச் செய்து நான் கேள்விப்பட்டதில்லை.

இதைப் படிக்கும் தமிழர் மனம் பாக்கு நீரிணைக்குப் போகாமல் இராது. இராமேஸ்வரத்து விசைப்படகுகளின் இழுவைமடி (யாழ்ப்பாணத்தில் ‘றோலர்’ என்பார்கள்) வடபுலத்து மீனவரின் வலைகளையும் கடலடியையும் வாரிக்கொண்டு போவது நெடுநாள் துயரம். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. 2021 ஜூனில் இலங்கை மீன்வளத்துறை, ஓட்டமுடியாத அரசு பஸ்களை யாழ்ப்பாணத் தீவுக்கடலில் இறக்கியது. மீன் பெருக்குவதற்கு என்று அறிவிப்பு. தமிழ்நாட்டு மீனவர்கள் கொதித்தெழுந்தார்கள்: வலை கிழியும், நீரோட்டத்தில் துண்டுகள் எங்கள் பக்கம் வரும், இது எங்களை மறிக்கத்தான் என்றார்கள்.

மறிப்பது குற்றமா? தலமோனேயில் மறித்ததைக் கொண்டாடிவிட்டு இங்கே குற்றம் என்று நான் சொல்ல முடியாது. வேறொன்றைச் சொல்லலாம். பஸ் நல்ல பார் அல்ல. நியூயார்க்கின் சுரங்க ரயில் பெட்டிகளை 2001 முதல் டெலவேர் கடலில் இறக்கினார்கள். கனத்த இரும்பாலான பழைய சிவப்புப் பெட்டிகள் தாங்கின. பின்னர் வந்த துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிகள் வெகுவிரைவில் பிரிந்து சரிந்தன, நியூஜெர்சி இனி வேண்டாம் என்றது. பஸ்ஸின் தகடு அதைவிட மெல்லியது. ஆழம் குறைந்த பாக்கு நீரிணையில் பருவக்காற்றின் அலை அடிவரை தொடும். பளிங்கை வைத்த இடத்தில் தகரத்தை வைத்திருக்கிறார்கள். இரு கரையிலும் வலை வீசுபவர் தமிழர்தான் என்பதால், தகரம் பெயர்ந்து நகர்ந்தால் கிழியப்போவது யார் வலை என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இலங்கைக் கடற்படை 2020இல் காலியிலும் தொடர்ந்து திருகோணமலையிலும் கடலடி அருங்காட்சியகங்கள் அமைத்தது. சிமெண்டுச் சிற்பங்கள், மாலுமிகளே செய்தவை. திருகோணமலையில் முக்குளிப்பதென்றால் கடற்படையின் கண்பார்வையில்தான் என்பதை அவ்வூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

உறைகிணறும் வான்தீவும்

தமிழ்நாட்டில் சிற்பங்கள் இல்லை. மீனவருக்காக இறக்கப்பட்ட கான்கிரீட் அமைப்புகளே உள்ளன. மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் வடிவங்களில் முக்கோணம் ஒன்று, களவா மீனுக்கான பொந்துப்பெட்டி ஒன்று, மூன்றாவது கிணற்று உறை. நாம் ஈராயிரம் ஆண்டுகளாக நீருக்காக மண்ணில் இறக்கும் அதே உறை. புதுச்சேரிக் கடலில் முக்குளிப்பு நிறுவனம் ஒன்று கான்கிரீட், இரும்புக் கம்பி, பனைமரம் ஆகியவற்றைக் கொண்டு உருவாக்கிய ‘டெம்பிள் ரீஃப்’ 18 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. சென்னைக்குப் போகும் நண்பர்கள் முக்குளித்துப் பார்க்கக்கூடியது இதுதான்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் தூத்துக்குடிக்கு மிக அருகிலிருப்பது வான்தீவு. சுற்றிலும் இருந்த பவளத்தை சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த பார் போனபின் தீவு கரைந்தது. வளைகுடாவின் தீவுகளில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும், முழுக்கவே நீருக்குள் போய்விட்டன. மீனவர்கள் தொடர்ந்து வெட்டிவந்தது, 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகே நின்றது. கரையைக் காத்தது எது என்பதை அன்று கண்ணால் கண்டார்கள். 2015இல் தொடங்கி, சென்னை ஐஐடி வடிவமைத்த துளையிட்ட கான்கிரீட் கட்டிகள் பத்தாயிரத்துக்கும் மேல் வான்தீவைச் சுற்றி இறக்கப்பட்டன. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் அவற்றைக் கண்காணிக்கிறது. பவளம் ஒட்டியிருக்கிறது, மணல் சேர்கிறது. அந்தக் கட்டிகளில் முகம் ஏதும் செதுக்கப்படவில்லை. அன்று அந்தக் கடலிலிருந்து சுண்ணாம்பாகப் போனதன் ஒரு பங்கு சிமெண்டாகத் திரும்பி வந்திருக்கிறது.

ரெயின்போ வாரியரைப் பார்க்க விரும்புவோருக்கு: முக்குளிப்பில் தொடக்கநிலைச் சான்றிதழ் 18 மீட்டர் வரைதான் செல்லும், மேல்நிலைப் பயிற்சி வேண்டும். நீச்சல் தெரியாதவர்களுக்கு மத்தாவுரிக் குன்றின்மேல் கிறிஸ் பூத் என்ற சிற்பி கல்லை வளைவாக அடுக்கி, நடுவே கப்பலின் உந்துவிசிறியைப் பொருத்திய நினைவுச்சின்னம் இருக்கிறது. கப்பலின் பாய்மரங்கள் இரண்டும் டார்காவில் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன.